ஈரத்தோடு மூடிய கார்

தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் காரை நான் விற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாங்க ஆள் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். நான்தான் அனுப்பிவிட்டேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். "சொன்னா கேக்கவே மாட்டீங்களா பா" என்று போனில் கத்துவாய், அப்புறம் அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் விரல் ஓர் எழுத்தைத் தொட்டால் இரண்டு எழுத்து விழுகிறது. நீ ஆறாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், எழுத்து மறந்திருக்காது. மெதுவாகப் படி. இதைச் சொல்ல எனக்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பெர்த்திலேயே தங்கிவிட அனுமதி கிடைத்துவிட்டது, வீடு பார்க்கிறேன் என்று நீ சொன்ன அன்று அம்மா அழுதாள், சிரித்தாள், உடனே போய்ப் பாயசத்துக்குச் சேமியா வறுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் அதே மூச்சில் நீ இன்னொன்றும் சொன்னாய். "அப்பா, அந்தக் கார வித்துடுங்க. சும்மா வெளிய நின்னு கெட்டுப் போகுது. நீங்களும் வெயில்ல நின்னு தேச்சிக்கிட்டு... போதும் லா பா." என்மேல் இருக்கிற அக்கறையில்தான் சொன்னாய். போனை வைத்த பிறகு எனக்கு அந்த 'வெளிய' என்ற வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது. அந்தக் கார் ஏன் வெளியே நிற்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

நீ அந்தக் காரை எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கரு நீலம். கடையிலிருந்து நேராகக் கோயிலுக்கு ஓட்டிப் போய், எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மாலையோடு கிள்ளானுக்கு வந்தாய். நம் தாமானில் எல்லா வீடும் எட்டிப் பார்த்தது. எதிர் வீட்டு ஆன்டி, "அடேயப்பா, மகன் பெரிய ஆளாயிட்டான்" என்றார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்துக்குச் சரக்கு லோரி ஓட்டியவன். லோரிக்கு யாரும் மாலை போட்டு எட்டிப் பார்த்ததில்லை. நம் வீட்டுப் போர்ச்சில் ஒரு காருக்குத்தான் இடம், அங்கே என் வெள்ளைக் கார் நின்றது. லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் நான் வாங்கிய முதல் கார், கடைசிக் காரும் அதுதான். நீ வாசலில் எஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்து கேட்டாய்: "அப்பா, இன்னிக்கு மட்டும் உங்க கார வெளிய போட்டுட்டு இத உள்ள விடட்டுமா?"

நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "ஏன், வெயில்ல நின்னா கரைஞ்சு போயிடுமா உன் காரு? என் வீட்ல என் கார்தான் உள்ள நிக்கும்." எதிர் வீட்டு ஆன்டிக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். மாலை போட்ட காரைப் பின்னால் எடுத்து, சாலை ஓரத்து மரத்தடியில் நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. இப்போது உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் பெருமைதான். பெருமைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை, ஆனால் வேறு பெயரும் இல்லை. பெற்ற பிள்ளைமேல் போய் யாராவது அப்படிப் படுவார்களா என்று கேட்பாய். நான் பட்டேன்.

அப்புறம் நீ பிரிக்பீல்ட்ஸிலேயே அறை எடுத்துத் தங்கினாய். ரயிலில் போய்வர நேரம் ஆகிறது என்று காரணம் சொன்னாய், நானும் நம்பிய மாதிரி இருந்தேன். அங்கே நிறுத்த இடம் இல்லை என்று காரை மரத்தடியிலேயே விட்டுப் போனாய். வாரக் கடைசியில் வருவாய். வந்ததும் வராததுமாக இரண்டு வாளித் தண்ணீரோடு வெளியே நிற்பாய். ஒரு வாளியில் சோப்பு, ஒரு வாளியில் சும்மா தண்ணீர். துணியை அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் முக்குவாய். நான் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பெயிண்ட்டா ஓடுது? எஞ்சின்தான்டா ஓடுது" என்று கிண்டல் பண்ணுவேன். நீ திரும்பாமலேயே சிரிப்பாய். ஒரு தடவை வேக்ஸ் டப்பாவை என் பக்கம் நீட்டி, "உங்க காருக்கும் போட்டு விடட்டா பா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். இப்போது அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சரி என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு மணி நேரம் என் கார் பக்கத்தில் நின்றிருப்பாய்.

நீ கிளம்பிய நாளைப் பற்றித்தான் உனக்கு முழுதாகத் தெரியாது. அன்று காலையில் அம்மா உன் கார் பானெட்டில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். நெற்றியில் வைப்பது போதாதா, காருக்கும் எதற்கு என்று நீ கேட்டதற்கு, "ஏர்போர்ட் வரைக்கும் அதுதானே உன்னக் கூட்டிட்டுப் போகுது" என்றாள். நீதான் ஓட்டினாய், நான் பக்கத்தில். இறங்கும்போது சாவியை என் கையில் வைத்து, "ரெண்டே வருஷம் பா, கார பாத்துக்குங்க" என்றாய். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் கொட்டோ கொட்டென்று மழை. வீட்டு வாசலில் நிறுத்தியபோது அம்மா கேட்டைத் திறந்தபடி நின்றாள். என் வெள்ளைக் காரை அன்றைக்காவது வெளியே எடுப்பேன் என்று நினைத்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை. லோரி ஓட்டிய காலத்துக் கன்வாஸ் ஒன்று ஸ்டோரில் கிடந்தது, சரக்கை மூடுகிற தடித்த நீலக் கன்வாஸ். அதைக் கொண்டு வந்து, நனைந்த காரை அப்படியே மூடி, கயிறு போட்டு நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். துறைமுகத்தில் கற்ற முடிச்சு. அவிழவே அவிழாது. பெரிய வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

ஒன்றரை மாதம் அதை நான் அவிழ்க்கவில்லை. அம்மா கேட்டபோதெல்லாம், "மூடித்தானே இருக்கு, என்ன ஆயிடும்" என்றேன். பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். கன்வாஸுக்குள் இருக்கிற வரைக்கும் நீ பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாய், சனிக்கிழமை வருவாய் என்று இருந்தது. கடைசியில் அவிழ்த்தபோது புழுக்க நாற்றம் அடித்தது. கதவு ஓரங்களில் கன்வாஸ் காற்றில் அடித்து அடித்துத் தேய்த்த கோடுகள். கூரையில் பால் சிந்தின மாதிரி வெள்ளை வெள்ளையாக மங்கல். பானெட்டில் அம்மா வைத்த மூன்று பொட்டு. துடைத்தேன், போகவில்லை. தேய்த்தேன், போகவில்லை. குங்குமம் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் வச்சது தப்பா, நீங்க மூடுனது தப்பா?" என்று கேட்டாள்.

கடைவரிசையில் காருக்குப் பாலிஷ் போடுகிற பாலா உனக்குத் தெரிந்தவன்தான். அவனிடம் ஓட்டிப் போனேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நனைஞ்ச கார யாராச்சும் கன்வாஸ் போட்டு மூடுவாங்களா? கோழிய மூடி வேக வைக்கிற மாதிரி வேக வச்சிட்டீங்க லா" என்றான். கூரை மங்கலை எடுத்துவிட்டான். கோடுகள் முக்கால்வாசி போயின. பொட்டைத்தான் விரலால் தடவிக்கொண்டே இருந்தான். "பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு அங்கிள். ஈரமும் சூடும் சேர்ந்து சாயத்த அதுக்குள்ள இறக்கிடுச்சு. எடுக்கணும்னா பானெட்ட மொத்தமா புதுசா அடிக்கணும்." அம்மாவிடம் வந்து சொன்னேன். "விடுங்க. பூஜ போட்ட காருன்னு தெரியட்டும்" என்றாள். நீ ஒரே ஒரு முறை பத்து நாள் லீவில் வந்தபோது அதைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. வெயிலில் மங்கியது என்று நினைத்திருப்பாய். அது என் வேலை.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்கிறேன், அங்கே உனக்கும் வெளியில் நிறுத்துகிற நாள் வரலாம். ஈரத்தோடு எதையும் மூடாதே. கழுவி, துடைத்து, நிழலில் ஆறவிட்டு, கை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்றான பிறகுதான் கவர் போட வேண்டும். கவரும் கன்வாஸாக இருக்கக் கூடாது. உள்பக்கம் மெத்தென்று, காற்று போய்வருகிற துணியாக இருக்க வேண்டும். தூசியோடு மூடினால் காற்று அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தூசியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும். நம் சாலையில் துறைமுக லோரிகள் போவதால் நாளுக்கொரு தூசி, அதனால் கவர் போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் துடைப்பேன். பெரிய மழை பெய்தால் மறுநாள் கவரைக் கழற்றிக் காயவிடுவேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வேக்ஸ், நீ வைத்துவிட்டுப் போன டப்பா தீர்ந்து இது நான்காவது. மரத்தடி நிழல் என்று நம்பி நிறுத்தினோமே, அது நிழலே இல்லை. பிசின் ஒழுகும், மைனா உட்காரும். மைனா எச்சத்தைக் காயவிட்டால் பெயிண்டைத் தின்றுவிடும். அதைச் சுரண்டவும் கூடாது. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து, அதுவாக விட்டதும் ஒற்றி எடுக்க வேண்டும். இது அம்மாவின் வேலை. மூட்டுவலியோடு விடிந்ததும் ஈரத்துணியும் கையுமாகப் போய், "உங்களுக்கு வேற வீடே கிடைக்கலையா" என்று மைனாக்களைத் திட்டிவிட்டு வருவாள். புகைமூட்டம் வந்த நாட்களில் சாம்பல் படியும், அப்போது துணியே தொடக் கூடாது, தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பார், எஞ்சின்தான் ஓடுகிறது என்று சொன்னவன் பேசுகிற பேச்சை.

நான் இதையெல்லாம் காருக்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறாயா? வாரம் ஒரு தடவை வீடியோவில் நீ வருவாய். சாப்பிட்டாயா, குளிரா என்று கேட்ட பிறகு எனக்கு உன்னிடம் பேச ஒன்றும் இருக்காது. லோரிக்காரனுக்கு உன் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி என்ன கேட்கத் தெரியும்? போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் காரைக் காட்டுவேன். நீ, "ஷைனிங்கா இருக்கு பா" என்பாய். அந்த ஒரு வார்த்தைக்காக முந்தின நாளே வேக்ஸ் போட்டு வைப்பேன். ஆரம்பத்தில் நீயே கேட்பாய், "கார காட்டுங்க பா" என்று. பிறகு நான் காட்டினால் பார்ப்பாய். பிறகு நான் காட்டும்போது நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். குறை சொல்லவில்லை தம்பி. உனக்கு அங்கே ஆயிரம் வேலை. ஆனால் நீ இல்லாத வீட்டில் உன்னுடையது என்று தொட்டுப் பார்க்க எனக்கு அந்தக் காரை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. உன் தலையை எப்போது கடைசியாகத் தடவினேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. பானெட்டை நேற்றுத் தடவினேன்.

நீ வந்த அந்தப் பத்து நாளும் தினமும் காரை எடுத்துப் போனாய், தினமும் திரும்பி வந்து அதே மரத்தடியில் நிறுத்தினாய். ஒரு நாள் நான் கேட் பக்கத்திலேயே நின்றிருந்தேன். உள்ளே விடட்டுமா என்று நீ கேட்டால் சரி சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு நின்றேன். நீ போர்ச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இல்லை, பழகிவிட்டது. கேட்க வேண்டியது நீயா? நான்தானே சொல்லியிருக்க வேண்டும். அன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தொலைக்காட்சியைப் போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். செராஸிலிருந்து ஒரு பெண், மருத்துவமனையில் வேலை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கவரைக் கழற்றினேன். அந்தப் பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அங்கிள், இவ்ளோ வருஷத்து காரா இது? நெசமாவா?" என்றாள். பொட்டைப் பார்த்து, அதுவும் அழகாக இருக்கிறது என்றாள். அவள் உள்ளே உட்கார்ந்து இருக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். போர்ச்சைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"அண்ணே, இவ்ளோ நல்லா பாத்துக்கிறீங்க. ஏன் வெளிய போட்டிருக்கீங்க? உள்ள நிக்கிறது யாரு காரு?"

"என் காருண்ணே."

"தினம் எடுக்கிறீங்களோ?"

கீழே கிடந்த கவரை மடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். என் வெள்ளைக் கார் ஓடி மூன்று வருஷம் ஆகிறது. எஞ்சின் போய்விட்டது, உனக்கு நான் சொல்லவில்லை. நீ வந்தபோதே அது செத்துத்தான் கிடந்தது. சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன், கோயிலுக்கு உன் காரில் போகிறேன். ஓடாத காருக்கு நிழல் கொடுத்துவிட்டு ஓடுகிற காரை வெயிலில் நிறுத்தி, அது கெடாமல் இருக்க ஐந்து வருஷமாகத் துணியும் வேக்ஸுமாக அலைந்திருக்கிறேன். முன்பின் தெரியாத மனிதர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "மன்னிச்சிடுங்கண்ணே, மகன்கிட்ட இன்னொரு தடவ கேக்கணும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பிள்ளை முகம் வாடிப்போனது, எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்கள் போனதும் அம்மா கதவு ஓரத்தில் நின்றபடி சொன்னாள்: "அவரு கேட்டத நான் உங்க மகன் கார் வாங்குன அன்னிக்கே கேட்டிருக்கணும்." சொல்லிவிட்டு அழுதாள். உன் அம்மா என்னோடு சண்டை போட்டு அழுதிருக்கிறாள், சண்டை போடாமல் என்னால் அழுதது இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை பாலாவை அழைத்தேன், அவன் பழைய இரும்புக்குக் கார் எடுக்கிற ஓர் இழுவை லோரிக்காரரைக் கூட்டி வந்தான். என் காரை வெளியே தள்ளினோம். நான்கு டயரும் தரையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. லோரியில் ஏற்றிக் கட்டும்போது முடிச்சு சரியில்லை என்று நானே போய்க் கட்டிவிட்டேன். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன், பொய் சொல்ல வேண்டாம். திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அம்மாவும் நானும் போர்ச்சைக் கழுவினோம். எண்ணெய்க் கறை மட்டும் டைல்ஸில் தங்கிவிட்டது.

"சாவி எங்க? உள்ள விடுங்க" என்று அம்மா சொன்னாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து உட்காரவும் செய்தேன். ஆனால் என்னால் ஓட்ட முடியவில்லை. அன்று நீ கேட்டது அது இல்லையே. நான் நிறுத்தித் தருகிறேனா என்று நீ கேட்கவில்லை, "இத உள்ள விடட்டுமா" என்றுதான் கேட்டாய். இறங்கி, துடைத்து, ஈரம் இல்லை என்று பார்த்து, மறுபடி கவர் போட்டுவிட்டேன். அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

நீ அங்கேயே இரு, தம்பி. வீடு வாங்கு, நல்லா இரு. திரும்பி வந்துவிடு என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை, கேட்கவும் மாட்டேன். காரை விற்க வேண்டும் என்றால் உன் பெயரில் இருக்கிற காருக்கு நீ வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். அதெல்லாம் இப்போது போனிலேயே செய்யலாம் பா என்று சொல்வாய். எனக்கும் தெரியும், பாலா சொன்னான். தெரியாத மாதிரி இருக்கிறேன். விற்பதற்கு முன் ஒரு தடவை வா. ஒரு வாரம் போதும். ஏர்போர்ட்டுக்கு உன் காரையே எடுத்து வருகிறேன், திரும்பும்போது நீ ஓட்டு. அம்மா நிச்சயம் மறுபடி குங்குமம் வைப்பாள், இந்தத் தடவை சாயங்காலமே நான் துடைத்துவிடுகிறேன்.

நீ அன்று கேட்டதற்குப் பதில்: சரி, உள்ளே விடு. அம்மா போர்ச்சில் துணி காயப்போடக் கொடி கட்டட்டுமா என்று கேட்டாள், பூந்தொட்டி வைக்கட்டுமா என்று கேட்டாள். நான் விடவில்லை. போர்ச் காலியாகவே இருக்கிறது.

அப்பா